எல்லாக் கூப்பாடும் எல்லை தாண்ட வேண்டாம்

“கம்பெனிக்கு இரண்டு கட்டடம். இரண்டிலும் தனித்தனி நெட்வொர்க். இரண்டையும் இணைக்கச் சொன்னால் முதலில் என்ன செய்வீர்கள்?” நெட்வொர்க் இன்ஜினியர் வேலைக்கு வருபவர்களிடம் நான் தவறாமல் கேட்கும் கேள்வி இது. பலர் உடனே ரவுட்டர் மாடலைச் சொல்வார்கள். கொஞ்சம் கூடுதலாகப் படித்தவர்கள் ரூட்டிங் புரோட்டோகால் பெயரைச் சொல்வார்கள். “அந்தப் பக்கத்துப் பிராட்காஸ்ட்டில் எதெல்லாம் இந்தப் பக்கம் வந்தே ஆகணும், சார்?” என்று திருப்பிக் கேட்பவர் அபூர்வம். அப்படிக் கேட்டவருக்கு வேலை நிச்சயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்துதான் பேசுவேன்.

கேபிள் இழுத்து, ரூட் போட்டு, பிங் போவதைக் காட்டிவிடலாம். அது பெரிய வேலையில்லை. தொல்லை அடுத்த வாரம் தொடங்கும். இந்தக் கட்டடத்துப் பிரிண்டர் அந்தக் கட்டடத்தில் தெரியாது. புதுக் கம்ப்யூட்டருக்கு ஐ.பி. கிடைக்காது. ஏ.சி. கட்டுப்பாட்டு மென்பொருள் பாதிக் கருவிகளைக் காணோம் என்று சொல்லும். உடனே மேலிருந்து ஒரு யோசனை வரும்: “தம்பி, பேசாம எல்லாத்தையும் ஒரே நெட்வொர்க்கா ஆக்கிடுங்களேன்.” அதற்குத் தலையாட்டிவிட்டால் அன்றைக்கு நிம்மதி. மறுக்க வேண்டுமானால் காரணமும் மாற்று வழியும் கையில் இருக்க வேண்டும். அவைதான் இந்தக் கட்டுரை.

கேட்பவர் தலையில் விழும் செலவு

ஈதர்நெட்டில் பெறுநர் முகவரியின் 48 பிட்டுகளையும் 1 என்று வைத்து அனுப்பினால் அது பிராட்காஸ்ட். வந்த போர்ட்டைத் தவிர மற்ற எல்லாப் போர்ட்டிலும் ஸ்விட்ச் அதைத் தள்ளிவிடும். இது இல்லாமல் நெட்வொர்க் ஓர் அடி நகராது. “இந்த ஐ.பி. யாருடையது? உன் மேக் முகவரியைச் சொல்” என்று கேட்கும் ஏ.ஆர்.பி. ஒரு பிராட்காஸ்ட்தான். 1982 நவம்பரில் டேவிட் பிளம்மர் எழுதிய ஆர்.எஃப்.சி. 826 அதன் மூல ஆவணம்; இன்றும் அதே முறைதான் ஓடுகிறது. இப்போதுதான் இயங்கத் தொடங்கிய லேப்டாப் “எனக்கு ஒரு முகவரி கொடுங்கள்” என்று டி.ஹெச்.சி.பி. வழியாகக் கேட்பதும் பிராட்காஸ்ட். யாரிடம் கேட்பது என்று தெரியாதபோது எல்லாரிடமும் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை.

இதில் அனுப்புபவருக்குச் செலவு ஒரே ஒரு ஃபிரேம். கேட்பவர் ஒவ்வொருவருக்கும் ஒரு குறுக்கீடு. கல்யாண மண்டபத்தில் “வாசலில் நிற்கும் வெள்ளை ஸ்விஃப்ட் காரின் ஓனர் உடனே வரவும்” என்று மைக்கில் சொன்னால், பைக்கில் வந்தவரும்கூட இலையிலிருந்து தலையைத் தூக்குவார். தனக்கு வராத யூனிகாஸ்ட்டை நெட்வொர்க் கார்டே தூக்கிப் போட்டுவிடும், கம்ப்யூட்டருக்குத் தெரியவே தெரியாது. பிராட்காஸ்ட்டை அப்படிப் போட முடியாது. அது சி.பி.யு. வரை போய், பிரித்துப் பார்க்கப்பட்ட பிறகே குப்பைக்குப் போகும்.

இன்றைய லேப்டாப்புக்கு இது ஒரு பொருட்டில்லை. ஆனால் அலுவலகத்தில் லேப்டாப் மட்டுமா இருக்கிறது? பயோமெட்ரிக் வருகைப் பதிவு இயந்திரம், பில் பிரிண்டர், பழைய ஐ.பி. கேமரா, மில்லில் இயந்திரத்தை ஓட்டும் பி.எல்.சி. என்று சின்னச் சின்ன பிராசஸர்கள் ஏராளம். கூப்பாடு கூடும்போது முதலில் மூச்சுத் திணறுவது இவைதான். “நெட் நல்லாத்தான் இருக்கு, பயோமெட்ரிக் மட்டும் அடிக்கடி தொங்குது” என்று புகார் வந்தால், வென்டாருக்கு போன் போடுவதற்கு முன் அந்தப் போர்ட்டில் வினாடிக்கு எத்தனை பிராட்காஸ்ட் வருகிறது என்று பாருங்கள்.

வைஃபையில் நிலைமை இன்னும் மோசம். அங்கே பிராட்காஸ்ட், எல்லாக் கருவிக்கும் புரியவேண்டும் என்பதற்காக, அனுமதிக்கப்பட்ட அடிப்படை வேகத்திலேயே போகும். 2.4 கிகாஹெர்ட்ஸில் பழைய 1 எம்.பி.பி.எஸ். வேகத்தை அணைக்காமல் விட்டிருந்தால், ஒவ்வொரு ஏ.ஆர்.பி.யும் அந்த நத்தை வேகத்தில்தான் காற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும். மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். பழைய வேகங்களை அணைப்பதும், ஆக்சஸ் பாயிண்ட்டே ஏ.ஆர்.பி.க்குப் பதில் சொல்லும் வசதியை இயக்குவதும் செலவில்லாத வைத்தியங்கள். பல ஆக்சஸ் பாயிண்ட்களில் இவை மெனுவுக்குள்ளேயே தூங்கிக்கொண்டிருக்கும்.

ஒரு பிராட்காஸ்ட் எல்லைக்குள் எத்தனை கருவி இருக்கலாம்? சிஸ்கோவின் பழைய வடிவமைப்புக் கையேடு ஐ.பி.க்கு 500, நாவெல் நெட்வேருக்கு 300, ஆப்பிள்டாக்குக்கு 200 என்று ஒரு கணக்குச் சொன்னது. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர்களுக்கான கணக்கு அது. என் வழக்கம்: ஒரு விலானுக்கு ஒரு /24, அதாவது 254 முகவரி. மாணவர்களும் விருந்தினர்களும் வந்து போகும் வைஃபைக்கு மட்டும் அதைவிடப் பெரிதாகப் போடலாம், அதுவும் மேற்சொன்ன வைத்தியங்களைச் செய்த பிறகு. முகவரி தீர்ந்துபோகிறது என்பதற்காக மாஸ்க்கை /16 ஆக்கி 65,534 முகவரிக்கு வாசலைத் திறந்து வைத்திருக்கும் இடங்கள் உண்டு. அதைப் பார்த்தால், அங்கே யாரும் கணக்குப் போட உட்காரவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

தடுப்பது கேட்வேயின் பிறவிக் குணம்

ஐ.பி. கேட்வே, அதாவது ரவுட்டர், பிராட்காஸ்ட்டைத் தாண்டவிடாது. இது யாரோ ஒரு கம்பெனி சேர்த்த வசதி அல்ல. 1984 அக்டோபரில் ஸ்டான்ஃபோர்டின் ஜெஃப்ரி மோகல் எழுதிய ஆர்.எஃப்.சி. 919 இதை விதியாகவே வைத்தது: 255.255.255.255 என்ற முகவரி உள்ளூர் நெட்வொர்க்குக்கு மட்டும். அதை எந்த கேட்வேயும் அந்தப் பக்கம் அனுப்பக்கூடாது.

அந்தக் காலத்தில் ஒரு கூத்து நடந்தது. யூனிக்ஸின் 4.2 பி.எஸ்.டி. பதிப்பு, பிராட்காஸ்ட் முகவரியின் கடைசிப் பகுதிக்கு 1களுக்குப் பதிலாக 0களைப் போட்டது. புதிய கம்ப்யூட்டர்களும் பழையவையும் ஒரே கேபிளில் கலந்தபோது, ஒன்றின் பிராட்காஸ்ட் மற்றதற்கு வெறும் தெரியாத முகவரி. தெரியாததை ரவுட்டர் மாதிரி முன்னே அனுப்பிவைக்கும் பழக்கமும் அவற்றுக்கு இருந்ததால், ஒரு பேக்கெட்டுக்கு ஊரே ஏ.ஆர்.பி. கேட்கத் தொடங்கிவிடும். சாதாரணக் கம்ப்யூட்டர்கள் தாமாகவே பேக்கெட்டைக் கடத்தும் வேலையில் இறங்கக்கூடாது என்று பிற்கால விதிகள் கண்டிப்பாகச் சொல்வதன் பின்னணியில் இத்தகைய அனுபவங்கள் உண்டு. இன்றைக்கும் இதில் ஒரு பாடம் மிச்சமிருக்கிறது. இரண்டு நெட்வொர்க் கார்டு உள்ள சர்வரில் ஐ.பி. ஃபார்வர்டிங் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு கார்டுக்கும் நடுவே பிரிட்ஜ் போடப்பட்டிருக்கிறதா என்பதை இரண்டு முறை பாருங்கள்.

ஒரே நெட்வொர்க்காக ஆக்கினால்

பாஸ்டனில் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனை என்று ஒன்று இருக்கிறது. 1996இல் இரண்டு மருத்துவமனைகள் இணைந்து உருவானது. நெட்வொர்க்கும் அப்படியே துண்டு துண்டாக ஒட்டி வளர்ந்தது; நடுவில் ரவுட்டர் வைத்துப் பிரிக்காமல், ஸ்விட்ச்சோடு ஸ்விட்ச்சாக. 2002 நவம்பர் 13 அன்று அது விழுந்தது. ஓர் ஆராய்ச்சியாளரின் பெரிய தரவுப் பரிமாற்றம்தான் முதல் பொறி. ஆனால் பொறி பற்றுமளவுக்கு எல்லாம் காய்ந்து கிடந்தது என்பதுதான் விஷயம். ஆய்வுக்கூட முடிவுகள், மருந்து உத்தரவுகள் எல்லாம் கம்ப்யூட்டரில் ஓடிய மருத்துவமனை, கிட்டத்தட்ட நான்கு நாள் காகிதத்துக்குத் திரும்பியது. அதன் தகவல் தொழில்நுட்பத் தலைவர் ஜான் ஹலாம்கா நடந்ததை மூடி மறைக்காமல் வெளியே பேசினார். அதனால்தான் நமக்கு இந்தப் பாடம் கிடைத்தது. மறைத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள் என்பதால் அவர்மேல் எனக்குக் கூடுதல் மரியாதை.

விழுந்தது ஏன் என்பதை ஒவ்வொரு நெட்வொர்க் இன்ஜினியரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஐ.பி. பேக்கெட்டில் டி.டி.எல். என்று ஓர் எண் உண்டு. ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் குறைக்கும். பூஜ்யமானால் பேக்கெட் செத்துவிடும். ஈதர்நெட் ஃபிரேமில் அப்படி எதுவும் கிடையாது. ஸ்விட்ச்சுகளுக்கு நடுவே ஒரு வட்டம் உருவாகிவிட்டால், ஒரே ஒரு பிராட்காஸ்ட் சாகாமல் சுற்றிச் சுற்றி, ஒவ்வொரு சுற்றிலும் பெருகும். இந்த வட்டத்தைத் தடுக்கத்தான் ஸ்பானிங் ட்ரீ. டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனில் இருந்த ரேடியா பெர்ல்மன் 1985இல் உருவாக்கியது அது, 1990இல் 802.1டி தரநிலைக்குள் வந்தது. அதன் இயல்பான கால அளவுகள், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஏழு ஸ்விட்ச்சுக்கு மேல் போகாது என்ற கணக்கில் அமைந்தவை. பாஸ்டன் மருத்துவமனையின் நெட்வொர்க் அந்த ஏழைத் தாண்டி வளர்ந்திருந்தது. ஒரு கோடியில் நடப்பது மறு கோடிக்குச் சரியான நேரத்தில் தெரியாமல், மூடியிருக்க வேண்டிய பாதைகள் திறந்தன. பிற்பாடு ரவுட்டர்கள் வைத்து நெட்வொர்க்கைப் பிரித்துக் கட்டினார்கள்.

“ஒரே நெட்வொர்க்கா போட்டுடுங்க” என்று மேலாளர் சொல்லும்போது இந்தக் கதையைச் சொல்லலாம். ஆனால் அவர் பாஸ்டனைப் பற்றிக் கவலைப்பட மாட்டார். அவருக்குப் புரிவது வேறு: “சார், இப்ப அங்கே ஒரு போர்ட்ல தப்பு நடந்தா அந்தக் கட்டடம் மட்டும் நிக்கும். ஒண்ணாக்கினா ரெண்டும் சேர்ந்து நிக்கும். பில்லிங் உள்பட.” கடைசி இரண்டு சொல்லுக்கு நல்ல வலு உண்டு.

பெரிய விபத்து நடக்காவிட்டாலும், இணைத்த அன்றே சின்ன விபத்து நடக்கும். இரண்டு கட்டடத்திலும் 192.168.1.0/24 தான் இருக்கும். ரவுட்டர் பெட்டியிலிருந்து எடுத்தபடியே வைத்திருப்பார்கள். இரண்டிலும் கேட்வே 192.168.1.1. இரண்டிலும் டி.ஹெச்.சி.பி. சர்வர். ஸ்விட்ச்சிலிருந்து ஸ்விட்ச்சுக்கு நேராக ஒரு கேபிள் போட்டால், இங்கே உள்ள லேப்டாப் அங்கே உள்ள சர்வரிடம் முகவரி வாங்கும். அங்கே உள்ள கேட்வே வழியாக யூடியூப் பார்க்கும். நடுவில் இருக்கும் லீஸ்ட் லைன் மூச்சுமுட்டும். எந்த 192.168.1.1 பதில் சொல்கிறது என்பது அந்தந்த நேரத்து அதிர்ஷ்டம். ஆகவே இணைப்பதற்கு முன் ஒரு பக்கத்துக்காவது முகவரிகளை மாற்றிக்கொடுங்கள். அலுப்பான வேலைதான். நாட் போட்டுச் சமாளிக்கலாம் என்பவர்கள் ஆறு மாதம் கழித்து எந்த முகவரி எதன் வேடம் என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

வி.பி.என். வழியே இணைத்தாலும் இதே கதைதான். ஓப்பன் வி.பி.என்.னில் டேப் முறை ஈதர்நெட்டையே கடத்தும், பிராட்காஸ்ட்டோடு சேர்த்து. டன் முறை ஐ.பி.யை மட்டும் கடத்தும். யோசிக்காமல் டன் எடுங்கள். டேப் வேண்டும் என்று யாராவது சொன்னால், ஏன் என்று எழுத்தில் கேளுங்கள்.

வாசலில் யாருக்கு அனுமதி

தடுப்பது தானாக நடக்கும் என்றால் இன்ஜினியருக்கு என்ன வேலை? விதிவிலக்குகள்தான் வேலை. நியாயமாகவே அந்தப் பக்கம் போக வேண்டிய கூப்பாடுகள் சில உண்டு. அவற்றைக் கூப்பாடாகவே விடாமல், முகவரி எழுதிய கடிதமாக மாற்றி அனுப்புவதுதான் நுட்பம்.

முதலில் டி.ஹெச்.சி.பி. ஒவ்வொரு விலானிலும் ஒரு சர்வர் வைக்க முடியாது. ஆகவே கேட்வேயில் ரிலே போடுகிறோம். கிளையன்ட் 255.255.255.255க்கு, 67ஆம் போர்ட்டுக்குக் கத்தும். கேட்வே அதைப் பிடித்து, உள்ளே ‘ஜி.ஐ. அட்ரஸ்’ என்ற இடத்தில் அந்த விலானில் தனக்கு இருக்கும் முகவரியை எழுதி, சர்வருக்கு நேராக யூனிகாஸ்ட்டாக அனுப்பும். சர்வர் அந்த முகவரியைப் பார்த்துத்தான் எந்த ஸ்கோப்பிலிருந்து எடுத்துக்கொடுப்பது என்று தீர்மானிக்கிறது. இந்த ஒரு விஷயம் புரிந்தால் பாதிப் புகார்களை உட்கார்ந்த இடத்திலிருந்தே தீர்க்கலாம். ரிலே போட்டும் ஐ.பி. வரவில்லையா? சர்வரில் அந்த சப்நெட்டுக்கு ஸ்கோப் இருக்கிறதா, சர்வரிலிருந்து அந்த கேட்வே முகவரிக்குத் திரும்பிவர ரூட் இருக்கிறதா, நடுவில் ஃபயர்வால் நிற்கிறதா என்று இந்த வரிசையிலேயே பாருங்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. நேர்காணல் நடத்துபவர்களுக்கு மிகப் பிடித்தது. சிஸ்கோ ரவுட்டரில் ஐ.பி. ஹெல்ப்பர் அட்ரஸ் என்ற ஒரு வரியைப் போட்டால், அது டி.ஹெச்.சி.பி.யை மட்டும் கடத்தாது. இயல்பாக எட்டு யு.டி.பி. போர்ட்களைக் கடத்தும்: 37, 49, 53, 67, 68, 69, 137, 138. கடைசி இரண்டும் நெட்பயாஸ். விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் ஒன்றையொன்று பெயர் சொல்லித் தேடும் பழைய வழக்கம். அந்தத் தேடல் எல்லாம் உங்கள் டி.ஹெச்.சி.பி. சர்வரின் வாசலில் போய்க் குவியும். வேண்டாத போர்ட்களை ஒவ்வொன்றாக மறுத்து எழுதுங்கள். பெயர் தேட டி.என்.எஸ். இருக்கிறது.

அடுத்தது பிரிண்டரும் டிவியும். ஐபோனிலிருந்து பிரிண்ட் கொடுப்பது, கூட்ட அறை டிவியில் திரையைக் காட்டுவது எல்லாம் எம்.டி.என்.எஸ். வழியே நடக்கும். முகவரி 224.0.0.251, போர்ட் 5353. பெயரளவில் மல்டிகாஸ்ட், ஆனால் 224.0.0 என்று தொடங்கும் முகவரிகளை ரவுட்டர் தாண்டவிடாது. அதனால்தான் விலான் பிரித்த மறுநாளே இயக்குநரின் ஐபேடில் டிவி மறைந்துவிடும். அவருடைய புகார் மற்ற எல்லாப் புகாரையும் முந்தி வரும். இதற்கு எம்.டி.என்.எஸ். கேட்வே உண்டு, லினக்ஸில் அவாஹியின் ரிஃப்ளெக்டர் வசதி உண்டு. எந்தச் சேவை, எந்த விலானிலிருந்து எதற்கு என்று குறுக்கித் திறக்க முடிகிற கருவியாகப் பாருங்கள். எல்லாவற்றையும் கண்ணாடி மாதிரித் திருப்பி அனுப்பினால் இரண்டு நெட்வொர்க்கின் சத்தமும் இரண்டிலும் கேட்கும். பிரிண்டருக்கு மட்டும்தான் என்றால், இதெல்லாம் வேண்டாம். பிரிண்ட் சர்வரில் சேர்த்து ஒரு பெயர் கொடுத்துவிடுங்கள்.

கம்ப்யூட்டரைத் தூரத்திலிருந்து எழுப்பும் வேக்-ஆன்-லேன் கொஞ்சம் ஆபத்தான விருந்தாளி. இரவில் அப்டேட் போடுவதற்காக டெஸ்க்டாப் குழு கேட்கும். எழுப்பும் பேக்கெட்டை அந்தப் பக்கத்து சப்நெட்டின் பிராட்காஸ்ட் முகவரிக்கு, உதாரணமாக 10.20.30.255க்கு, அனுப்பி, கடைசி ரவுட்டர் அதைப் பிராட்காஸ்ட்டாக மாற்ற வேண்டும். இதே வசதியைத்தான் ஸ்மர்ஃப் தாக்குதல் பயன்படுத்திக்கொண்டது. பலியாளின் முகவரியை அனுப்புநராகப் போலியாக எழுதி, பெரிய நெட்வொர்க்குகளின் பிராட்காஸ்ட் முகவரிக்கு ஒரு பிங் அனுப்பினால், அங்குள்ள எல்லாக் கம்ப்யூட்டரும் பலியாளுக்குப் பதில் அனுப்பும். 1998 ஜனவரியில் செர்ட் அமைப்பு இதைப் பற்றி எச்சரித்தது. 1999 ஆகஸ்டில் வந்த ஆர்.எஃப்.சி. 2644, ரவுட்டர்களில் இந்த வசதி இயல்பாக அணைந்தே இருக்க வேண்டும் என்று விதியை மாற்றியது. ஆகவே திறந்தே ஆகவேண்டும் என்றால், ஒரே ஒரு சர்வரின் முகவரிக்கு மட்டும் ஆக்சஸ் லிஸ்ட் போட்டுத் திறங்கள். அதைவிட நல்லது, அந்த விலானிலேயே விழித்திருக்கும் ஒரு கம்ப்யூட்டரை வைத்து எழுப்பச் சொல்வது.

பெரிய கட்டடங்களில் வேலை செய்பவர்கள் பேக்நெட்டைச் சந்திப்பார்கள். ஏ.சி., லிஃப்ட், விளக்குக் கட்டுப்பாட்டுக் கருவிகள் பேசும் மொழி அது, யு.டி.பி. போர்ட் 47808. “யாரெல்லாம் இருக்கிறீர்கள்?” என்று பிராட்காஸ்ட்டில் கேட்டு, “நான் இருக்கிறேன்” என்ற பதில்களைச் சேகரிப்பது அதன் வழக்கம். சப்நெட் தாண்ட, சப்நெட்டுக்கு ஒன்று வீதம் பி.பி.எம்.டி. என்ற பொறுப்பாளரை நியமிக்க வேண்டும். அது உள்ளூர்க் கூப்பாட்டைப் பிடித்து, பட்டியலில் உள்ள மற்றப் பொறுப்பாளர்களுக்குக் கடிதமாக அனுப்பும். அவர்கள் தங்கள் இடத்தில் மறுபடி கூவுவார்கள். ஒரே சப்நெட்டில் இரண்டு பொறுப்பாளர் வந்துவிட்டால் ஒருவர் கூவியதை மற்றவர் எடுத்துக் கூவி, முடிவில்லாமல் போகும். ஏ.சி. கம்பெனிக்காரர் ஒரு கருவியை மாற்றும்போது, இதைத் தெரியாமலே ‘ஆன்’ செய்துவிட்டுப் போய்விடுவார். அவர் வேலை முடித்த அன்று மாலை நீங்கள் ஒரு தடவை எட்டிப் பாருங்கள்.

“எங்க சாஃப்ட்வேருக்கு ஒரே சப்நெட்ல இருந்தே ஆகணும்” என்று சில வென்டார்கள் அடம்பிடிப்பார்கள். அவர்களிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: “உங்க கிளையன்ட், சர்வரை எப்படிக் கண்டுபிடிக்குது?” பல நேரம், செட்டிங்கில் சர்வர் முகவரியை நேராக எழுத ஓர் இடம் இருக்கும், அந்த சப்போர்ட் பையனுக்கே தெரிந்திருக்காது. நிஜமாகவே வழியில்லை என்றால், டேட்டா சென்டர்களில் செய்வதுபோல வி.எக்ஸ்.லேன் போட்டு அந்த ஒரு விலானை மட்டும் நீட்டலாம். 2014இன் ஆர்.எஃப்.சி. 7348இல் வந்த முறை அது; ஈ.வி.பி.என்.னோடு சேர்த்தால் ஸ்விட்ச்சே ஏ.ஆர்.பி.க்குப் பதில் சொல்லிவிடும். இரண்டு கட்டடக் கம்பெனிக்கு இது அதிகம். செலவை வென்டாரின் விலைப்பட்டியலில் சேர்த்துக் காட்டினால், செட்டிங்கில் இடம் இருப்பது அவர்களுக்கு நினைவுக்கு வந்துவிடும்.

புயல் அடிக்கும் நாள்

கேட்வே புயலை எல்லையில் நிறுத்தும். எல்லைக்குள்ளே நிறுத்த வேறு ஏற்பாடு வேண்டும். பெரும்பாலான லூப்கள் அற்பக் காரணத்தால் வருபவை. கூட்ட அறையில் தொங்கும் கேபிளைப் பார்த்து யாரோ நல்ல மனசுக்காரர் அதைச் சுவரில் உள்ள இன்னொரு பாயிண்ட்டில் செருகிவைப்பார். ஐ.பி. போனின் இரண்டு போர்ட்டும் சுவருக்கே போகும். இதற்காகத்தான் பயனர் போர்ட்களில் பி.பி.டி.யு. கார்டு. எதிர்முனையில் ஸ்விட்ச் பேசுவது தெரிந்தால் அந்தப் போர்ட்டை மூடிவிடும். ஸ்பானிங் ட்ரீயே பேசத் தெரியாத மலிவு ஸ்விட்ச்சுகளுக்கு, ஸ்டார்ம் கன்ட்ரோலும் லூப் டிடெக்ஷனும்.

ஸ்டார்ம் கன்ட்ரோலைச் சதவீதத்தில் வைப்பவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 64 பைட் ஃபிரேம்களாக வந்தால் ஒரு கிகாபிட் போர்ட்டில் வினாடிக்கு 14,88,095 ஃபிரேம் போகும். அதில் 1 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட 14,900. அந்தப் பயோமெட்ரிக் இயந்திரத்துக்கு இதுவே போதும், படுத்துவிடும். வசதி இருந்தால் வினாடிக்கு இத்தனை பேக்கெட் என்று வையுங்கள். ஒரு வேலைநாள் முழுக்க அளந்து, உச்சத்துக்கு மேல் தாராளமாக இடம் விட்டு எல்லை போடுங்கள். போர்ட்டை மூடு என்ற தண்டனை பயனர் போர்ட்டுக்கு மட்டும். மாடிக்கே போகும் அப்லிங்க்கில் அதை வைத்தால், புயலைவிடப் பெரிய சேதத்தை நீங்களே செய்துவிடுவீர்கள்.

புயல் வந்துவிட்டால் அடையாளம் தெளிவு. ஸ்விட்ச்சின் விளக்குகள் எல்லாம் ஒரே தாளத்தில் விடாமல் மின்னும். ஒரே மேக் முகவரி இந்தப் போர்ட்டுக்கும் அந்தப் போர்ட்டுக்கும் தாவுவதாக லாக்கில் வரும். தூரத்திலிருந்து ஸ்விட்ச்சுக்குள் நுழைய முடியாது. ஆகவே கன்சோல் கேபிளைப் பையிலேயே வைத்திருங்கள். எல்லாவற்றையும் ஆஃப் செய்து ஆன் செய்யாதீர்கள். லூப் அங்கேயே இருக்கும், லாக் மட்டும் அழிந்துபோகும். கோர் ஸ்விட்ச்சில் உட்கார்ந்து, எந்தப் போர்ட்டில் உள்ளே வரும் பிராட்காஸ்ட் எகிறுகிறது என்று பார்த்து, அதை மூடி, மற்ற இடம் அடங்குகிறதா என்று காத்திருங்கள். அடங்கினால் அந்தப் போர்ட்டின் மறுமுனைக்கு நடங்கள். அங்கேயும் இதே வேலை.

அப்போது எடுத்த வயர்ஷார்க் பதிவு பிறகு உதவும். அனுப்புநர், அடையாள எண் எல்லாம் அச்சு மாறாமல் ஒரே பேக்கெட் திரும்பத் திரும்ப வந்தால் லூப். ஒரே கம்ப்யூட்டர் வரிசையாக ஒவ்வொரு ஐ.பி.யையும் ஏ.ஆர்.பி.யில் கேட்டுக்கொண்டே போனால் ஸ்கேன். வைரஸாகவும் இருக்கலாம், பாதுகாப்புக் குழு சொல்லாமல் ஓட்டிய சோதனையாகவும் இருக்கலாம். எல்லாரும் வெளி முகவரிகளுக்கே ஏ.ஆர்.பி. கேட்டால் மாஸ்க் தப்பு, அல்லது கேட்வேயின் பிராக்ஸி ஏ.ஆர்.பி. அந்தத் தப்பை இத்தனை நாள் மூடிவைத்திருந்தது.

ஐ.பி.வி6 வந்தால் இதெல்லாம் தீரும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அதில் பிராட்காஸ்ட் கிடையாது என்பது உண்மை, ஏ.ஆர்.பி.யின் வேலையை மல்டிகாஸ்ட் செய்கிறது. ஆனால் மல்டிகாஸ்ட் யாருக்கு வேண்டும் என்று ஸ்விட்ச் கவனித்துப் பிரிக்காவிட்டால், அதுவும் எல்லாப் போர்ட்டுக்கும்தான் போகும். லூப் விழுந்தால் அதுவும் சுற்றும்.

பழகவும் பெயர் எடுக்கவும்

படிப்புக்குப் பெரிய செலவு வேண்டாம். பாக்கெட் டிரேசரிலோ ஜி.என்.எஸ்.3இலோ இரண்டு விலான், நடுவில் ஒரு கேட்வே, ஒரு பக்கம் மட்டும் டி.ஹெச்.சி.பி. சர்வர் என்று கட்டுங்கள். ரிலே போடாமல் முகவரி வராததை முதலில் பாருங்கள். பிறகு போட்டு, கேட்வேயின் இரண்டு பக்கமும் பேக்கெட்டைப் பிரித்துப் பாருங்கள். ஒரு பக்கம் 255.255.255.255, மறுபக்கம் சர்வரின் முகவரி, உள்ளே ஜி.ஐ. அட்ரஸ். இதைத் தன் கண்ணால் பார்த்தவர் நேர்காணலில் சொல்லும் விதமே வேறு. அடுத்து இரண்டு ஸ்விட்ச்சுக்கு நடுவே இரண்டு கேபிள் போட்டு ஸ்பானிங் ட்ரீயை அணைத்து, என்ன ஆகிறது பாருங்கள், ஆய்வுக்கூடத்தில் மட்டும். சி.சி.என்.ஏ. 200-301 பாடத்திட்டத்துக்கும் இவை நேராக உதவும். பயோடேட்டாவில் “ரவுட்டிங், ஸ்விட்ச்சிங் தெரியும்” என்று எழுதுவதைவிட, “மூன்று விலானுக்கு டி.ஹெச்.சி.பி. ரிலே அமைத்து, தேவையற்ற யு.டி.பி. கடத்தலை நிறுத்தினேன்” என்று ஒரு வரி எழுதுங்கள். செய்ததைத்தான் எழுத வேண்டும். அடுத்த கேள்வி அதிலிருந்துதான் வரும்.

வேலையில் சேர்ந்ததும் ஒரு பட்டியல் தொடங்குங்கள். எந்த கேட்வேயில் எந்தக் கூப்பாட்டுக்கு விதிவிலக்கு, யார் கேட்டார், எதற்கு, எந்த முகவரியிலிருந்து எதற்கு, எப்போது மறுபரிசீலனை. ஒரு எக்செல் தாள் போதும். பழைய இன்ஜினியர் போட்டுவிட்டுப் போன ஹெல்ப்பர் அட்ரஸ்களையும் அதில் ஏற்றுங்கள். சில, எப்போதோ எடைக்குப் போட்ட சர்வரை இன்னும் காட்டிக்கொண்டிருக்கும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஆக்சஸ் லிஸ்ட்டின் கணக்கைப் பாருங்கள். ஒரு பேக்கெட்கூடப் போகாத வரி இருந்தால், கேட்டவருக்கு மெயில் அனுப்பி, ஒரு வாரம் பதில் வராவிட்டால் மூடுங்கள். சனிக்கிழமை மாலை வேண்டாம். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, டெஸ்க்டாப் குழுவிடம் சொல்லிவிட்டு.